பேராசிரியர் லிம் பின்: துணைவேந்தர் பதவிக்குப் பிந்திய பொதுப்பணி குறித்து ஒரு கேள்வி

கிளமெண்டி வாசகர்:
வணக்கம். எங்கள் வட்டார நூலகத்தில் மாதந்தோறும் கூடும் குழுவில், சிங்கப்பூரின் உயர்கல்வியை வளர்த்தவர்களைப் பற்றிப் பேசி வருகிறோம். அடுத்த மாதம் பேராசிரியர் லிம் பின் பற்றிப் பேசும் பொறுப்பு என்னுடையது. அவர் பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்று, 1981 முதல் 2000 வரை சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார் என்பதுவரை குறிப்பெடுத்துவிட்டேன். ஆனால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் 2001இல், சம்பள உயர்வு குறித்துப் பரிந்துரைக்கும் தேசியச் சம்பள மன்றத்தின் தலைமையை ஏன் ஒப்படைத்தார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு விடை தெரியாது. அவருடைய பொதுப்பணியில் எதை முன்னிறுத்திப் பேசுவது?

ஓய்வுபெற்ற அலுவலர்:
ஐயா, அப்பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் நெடுங்காலம் அலுவலக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆங்கிலவழி சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் சீனவழியில் தொடங்கிய நன்யாங் பல்கலைக்கழகமும் 1980இல்தான் ஒன்றாக்கப்பட்டுத் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. நன்யாங்கில் படித்தவர்களுக்கு அது ஆறாத மனக்குறை. அடுத்த ஆண்டே பொறுப்பேற்ற லிம் பின், இரு வீட்டாரையும் ஒரே பந்தியில் அமர்த்த வேண்டிய நிலையில் இருந்தார். சம்பள மன்றத்தின் வேலையும் ஏறத்தாழ அதுவே: அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் கூடிப் பேசி, எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பரிந்துரையோடு எழ வேண்டும். ஆகவே தலைவர் எந்தத் தரப்பையும் சாராதவராக இருப்பது அவசியம். லிம் பின்னுக்கு முன் 1972 முதல் 2001 வரை தலைமை வகித்த லிம் சோங் யாவும் பல்கலைக்கழகப் பேராசிரியரே. அவர் பொருளியல் அறிஞர்.

ஈசூன் மகள்:
நீங்கள் 2012ஆம் ஆண்டை முன்னிறுத்துங்கள். பல்லாண்டுகளாகக் குறிப்பிட்ட தொகை எதையும் சொல்லாதிருந்த மன்றம், அவர் தலைமையில் அந்த ஆண்டு, மாத அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி வரை பெறுவோருக்குக் குறைந்தது 50 வெள்ளி உயர்வு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. விழுக்காட்டில் சொல்லியிருந்தால் குறைந்த சம்பளக்காரருக்குச் சில்லறைதான் கிடைத்திருக்கும்.

என் அம்மா அப்போது உணவங்காடி நிலையம் ஒன்றில் மேசை துடைக்கும் வேலையில் இருந்தார். சம்பளம் 850 வெள்ளி. மன்றத்தின் பரிந்துரை சட்டமன்று என்பதால் அவருடைய நிறுவனம் முதல் ஆண்டு எதுவும் தரவில்லை. 2013இல் மன்றம் 60 வெள்ளி என்று சொன்ன பிறகே சம்பளச் சீட்டில் 910 என்ற எண் வந்தது. அம்மா அதை நான்காக மடித்துச் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்தார். 2014 செப்டம்பரில், துப்புரவு நிறுவனங்கள் உரிமம் பெறுவதற்குப் படிப்படியாக உயரும் சம்பள முறையைப் பின்பற்றுவது கட்டாயமாகி, தொடக்கச் சம்பளம் 1,000 வெள்ளியானது. மன்றத்தில் லிம் பின்னின் கடைசி ஆண்டும் அதுவே.

தாதி:
உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழுவை மறந்துவிடாதீர்கள். 2000 டிசம்பரில் அமைக்கப்பட்ட அக்குழுவுக்கும் அவரே தலைவர். சமய அமைப்புகளின் கருத்தையும் கேட்டறிந்த பின், மனிதரை நகலெடுத்துப் பிறப்பிப்பதைத் தடைசெய்ய வேண்டும் என்று 2002இல் பரிந்துரைத்தார்கள். 2004இல் அது சட்டமாயிற்று.

கிளமெண்டி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. பல்கலைக்கழகத்தில் தொடங்கிச் சம்பள மன்றத்தில் முடிப்பதாக இருந்தேன். இப்போது அந்த 910 வெள்ளியிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. ஈசூன் சகோதரி, நிறுவனத்தின் பெயரை மறைத்து அச்சீட்டின் படத்தை அனுப்பித் தர இயலுமா?

ஈசூன் மகள்:
அம்மாவிடம் கேட்டேன். படம் எதற்கு, நாளையும் நேரத்தையும் சொல்லச் சொல், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.