புதுப்பிப்பு: கோல்ஃபில் டிரைவர் ஸ்லைஸ் நின்றது

கோல்ஃபில் டிரைவரில் (தூரமாக அடிக்கும் நீளமான கிளப், அதாவது மட்டை) அடித்தால் பந்து இடப்பக்கம் கிளம்பி, நடுவானில் வளைந்து வலப்பக்கம் போய் விழுகிறது (இந்த வளைவுதான் ஸ்லைஸ்), ஏழாம் நம்பர் அயர்ன் என்ற குட்டையான கிளப்பில் அவ்வளவு இல்லை என்று 2 மாதம் முன்னால் கேட்டிருந்தேன். நான் வலக்கைக்காரன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பந்தை முன்னே பின்னே தள்ளி வைத்துப் பார்த்ததில் பலனில்லை. கைகொடுத்தது, "கிளப்பைப் பிடிக்கும்போது இடக்கையில் எத்தனை விரல்முட்டி தெரியுது தம்பி?" என்று ஒரு அண்ணன் கேட்ட கேள்விதான். குனிந்து பார்த்தால் ஒன்றுதான் தெரிந்தது. இடக்கையை வலப்பக்கம் திருப்பி, இரண்டு முட்டி நன்றாகவும் மூன்றாவது பாதியாகவும் தெரியும்படி பிடித்தேன். ஒரு வாரம் வேறு யாரோ பிடிப்பது போலிருந்தது.

எதிர்பாராதது இனிமேல்தான். வளைவு நின்றது, ஆனால் பந்து அப்படியே இடப்பக்கம் நேராக ஓடியது! கிளப்பின் முகம் (பந்தில் படும் பக்கம்) திருந்திவிட்டது, வீச்சு மட்டும் பந்துக்கு வெளிப்பக்கத்திலிருந்து என் உடம்புப் பக்கமாக உள்ளே வெட்டிக்கொண்டே வந்தது. அதற்கு, தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில், பந்து வைக்கும் இடத்துக்கு வெளிப்பக்கம் சற்றுப் பின்னால் காலி தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, பந்தில்லாமல் வீசிப் பழகினேன். முதல் நாள் பத்துக்கு ஏழு முறை பாட்டில் பறந்தது. மூன்றாவது வாரம் தொடவே இல்லை.

போன ஞாயிறு மெட்ரோவில் நந்தனம் போய் 50 பந்து அடித்தேன். 41 நேராகப் போயின. கை சோர்ந்த பிறகுதான் கடைசியில் சில வளைந்தன.

அப்புறம், அயர்னில் ஏன் குறைவு என்றால், அதன் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது அதிகம். பந்து பின்பக்கமாகச் சுழல்வது கூடுவதால் பக்கவாட்டு வளைவு அமுங்கிவிடுகிறது.