மலேசியா லங்காவில இருந்து ரீயூனியன், குடும்பத்தோட: எந்த வழி? நடுவுல புதுச்சேரி வர முடியுமா?

போட்வீட்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய கேள்வி, பொறுமையா படிங்க. நாங்க புதுச்சேரி முத்தியால்பேட்டை. மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், அதனால வீட்ல எல்லாருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், ஓசிஐ கார்டும் இருக்கு. லங்காவில செகண்ட் ஹேண்ட்ல 40 அடி பாய்மர போட் ஒண்ணு வாங்கி அதுலயேதான் குடித்தனம், நான், வீட்டுக்காரர், 11 வயசுல பையன், 7 வயசுல பாப்பா. பசங்க படிப்பு சிஎன்இடி, நம்ம அஞ்சல்வழி மாதிரி. இப்ப போட்ட அங்க படகுத்துறைலயே கட்டிட்டு மழை முடியற வரைக்கும் அம்மா வீட்ல இருக்கோம்.

பொங்கல் முடிஞ்சதும் லங்காவி போயி கிளம்பணும். போக வேண்டிய இடம் ரீயூனியன் (மொரீஷியஸ் பக்கத்துல இருக்கற பிரெஞ்சு தீவு), அங்க சின்ன மாமனார் இருக்காரு, அப்புறம் தென்னாப்பிரிக்கா சுத்தி பிரான்ஸ். வீட்டுக்காரர் என்னடான்னா பேசாம செங்கடல் வழியா பிரான்ஸ் போயிட்டா தூரம் எவ்ளோ மிச்சம்ங்கறார். அம்மா என்னடான்னா "ஊரு உலகத்துக்கெல்லாம் போறீங்க, நம்ம ஊர்ல கொண்டாந்து நிறுத்துனா நானும் ஏறி பாப்பேன்ல"ங்குது.

அதனால நான் போட்டு வச்சிருக்கற வழி: லங்காவி, அந்தமான், நேரா புதுச்சேரி, பாம்பன் வழியா கொச்சி, மாலத்தீவு. சரிப்படுமா? போட் தண்ணிக்கு அடியில 1.9 மீட்டர், மாஸ்ட் தண்ணி மட்டத்துல இருந்து 18 மீட்டர் சொச்சம். இன்னொண்ணு, பாப்பாவுக்கு காத்து பின்னாடி இருந்து வந்தா ஒண்ணும் பண்ணாது, எதிர்காத்துல போட் குத்திக் குத்திப் போச்சுன்னா வாந்திதான், சோறே இறங்காது.

கடலூர் ஓடி மாலுமி:
அம்மா, நான் சரக்குக் கப்பல்ல இருந்து ரிடையர் ஆனவன், பாய்மரம் பழக்கம் கம்மி ஆனா இந்தக் கடல் தெரியும். கடைசியா ஒரு வரி எழுதினீங்களே அதுதான் முக்கியம். மைல் கணக்க விட்டுட்டு எந்த மாசம் எந்தப் பக்கம் போனா காத்து பின்னால இருக்கும்னு பாத்து வழி போடுங்க.

செங்கடல் வேணாம். 2023 நவம்பர்ல ஏமன் ஹூதிக்காரங்க கப்பல்கள தாக்க ஆரம்பிச்சதுல இருந்து பெரிய பெரிய கன்டெய்னர் கப்பலே ஆப்பிரிக்காவ சுத்திப் போக ஆரம்பிச்சுது. சோமாலியாப் பக்கம் ரூயன்னு ஒரு கப்பல கொள்ளைக்காரனுங்க பிடிச்சி வச்சி 2024 மார்ச்ல நம்ம நேவி கமாண்டோ இறங்கித்தான் மீட்டாங்க. மணிக்கு அஞ்சாறு கடல் மைல் போற போட்ல புள்ளைங்கள வச்சிக்கிட்டு அங்க போயி என்ன மிச்சம் பண்ணப் போறாரு உங்க வீட்டுக்காரர்?

பாம்பனும் வேணாம். 2025ல திறந்த புது ரயில் பாலமாவது தூக்கும், பக்கத்துல 1988ல திறந்த ரோடு பாலம் அப்படியேதான் நிக்கும், 18 மீட்டர் மாஸ்ட்ட வச்சிக்கிட்டு அதுக்கடியில போறப்ப உங்களுக்கு மூச்சே நின்னுடும். கால்வாயும் ஆழம் கிடையாது, பாலம் தூக்கற நாளுக்கு சின்ன கப்பலெல்லாம் வரிசையில காத்துக் கிடக்கும்.

அந்தமான் யோசனை காத்துப்படி பாத்தா தப்பில்ல. லங்காவி - போர்ட் பிளேர் 500 மைலுக்கு மேல, வாடை (வடகிழக்குக் காத்து) பக்கவாட்டுல அடிக்கும், உருட்டும். அங்கேருந்து புதுச்சேரி கிட்டத்தட்ட அதே அட்சரேகை, நேரா மேற்க 760 கடல் மைல், மணிக்கு 5 கடல் மைல் வேகத்துல போனா ஆறு நாளுக்கு மேல ஆகும், வாடை வலது பின்பக்கம், சுகமான ஓட்டம். ஆனா அந்தமான்ல தினமும் எங்க நிக்கறோம்னு போர்ட்டுக்கு ரிப்போர்ட் பண்ணணும், போகக் கூடாத தீவு நிறைய. ஐரிடியம் மாதிரி சேட்டிலைட் போன் இருந்தா நம்ம நாட்ல பர்மிஷன் இல்லாம வச்சிருக்கவே கூடாது, கஸ்டம்ஸ்ல சொல்லாம விட்டுட்டா கேஸாயிடும்.

பொங்கலுக்கு முன்ன மட்டும் இந்தப் பக்கம் நினைக்கவே நினைக்காதீங்க. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, ரெண்டும் நம்ம வாசல்லதான் ஏறுச்சு.

தேங்காத்திட்டு ஃபைபர்:
அக்கா, பெரியவர் கடல சொல்லிட்டாரு, நான் கரைய சொல்றேன். புதுச்சேரிக்கு போட்ட கொண்டாராதீங்க. இங்க முகத்துவாரம் எப்பவும் மணல் தூந்து கிடக்கும், டிரெட்ஜர் வந்து வாரினா கொஞ்ச நாள் நல்லா இருக்கும் அப்புறம் பழைய கதை. எங்க ஃபைபர் போட்டே உள்ள நுழையறப்ப வெளிய நின்னு அலைய பாத்து, மூணு பெரிய அலை போனப்புறம் ஒரு இடைவெளி வரும் பாருங்க அப்பதான் இன்ஜின முறுக்கி ஒரே ஓட்டமா உள்ள வருவோம். எங்களுக்கு முழங்கால் தண்ணி போதும், உங்களுக்கு 1.9 மீட்டர், அலை பள்ளத்துல இறங்குறப்ப அடி தட்டிடும். ஓதம் பாத்து வரலாம்னு நினைப்பீங்க, இங்க ஏத்தம் வத்தம் ஒரு மீட்டர் கூட தேறாது. கடலூர் துறைமுகமும் அதே பாடுதான். வெளிய நங்கூரம் போடலாம்னா தொறந்த கடல், வாடை நேரா அடிக்கும், அம்மாவ எப்படி ஏத்துவீங்க?

அப்புறம் ராத்திரில கரையோரம் வந்தா வலை. வழிவலை ஒண்ணு கிலோமீட்டர் கணக்குல மிதக்கும், முனையில ஒரு கொடியும் மினுக் மினுக்னு ஒரு லைட்டும்தான் அடையாளம், அதுவும் பாதி நேரம் பேட்டரி போயிருக்கும். புரொப்பல்லர்ல சுத்திக்கிச்சுன்னா உங்களுக்கும் நட்டம் எங்களுக்கும் நட்டம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 தடைக்காலம், விசைப்படகு போவாது, ஆனா ஃபைபர் போயிக்கிட்டுதான் இருக்கும், அதுவுமில்லாம மே மாசம் புயல் வரலாம்.

போட்வீட்டு அம்மா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரர் கிட்ட செங்கடல் பத்தி படிச்சி காட்டினேன், ஒண்ணும் பேசல, டீ போடப் போயிட்டாரு. அப்ப இலங்கையோட காலி துறைமுகம் வரைக்கும் நேரா போயி, போட்ட விட்டுட்டு நாங்க மட்டும் வந்து அம்மாவ பாத்துட்டு போறதா? இல்ல காலில இருந்து புதுச்சேரி மேல ஏறி வரலாமா?

காரைக்கால் டு ரீயூனியன்:
காலில இருந்து வடக்க ஏறாதீங்க, ஜனவரி பிப்ரவரில அது முழுக்க வாடைக்கு எதிர், பாப்பா உங்களை மன்னிக்காது. திருகோணமலைக்கு போங்க. லங்காவில இருந்து இந்தோனேசியாவோட சபாங், அங்க ரெஸ்ட் எடுத்துட்டு மேற்க திருகோணமலை, இந்த ரெண்டாவது ஓட்டம் முழுக்க காத்து முதுகுப் பக்கம். உள்துறைமுகம் எந்தக் காத்துக்கும் மறைவு. அங்கேருந்து இலங்கைய கிழக்கால சுத்தி காலி 240 மைல் பக்கம், அதுவும் பின்காத்து. இலங்கையோட தென்முனை தேவேந்திரமுனை தாண்டறப்ப மட்டும் கப்பல் வரிசை வரிசையா போவும், கரைய ஒட்டியே வாங்க.

அம்மாவ அங்க வர வச்சிடுங்க. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஆரம்பிச்சாங்க, மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க, அதனால ஓடுதான்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. யாழ்ப்பாணத்துல இருந்து பஸ். கோணேஸ்வரமும் பாத்த மாதிரி ஆச்சு, சம்பந்தர் பாடின தலம், அம்மா புதுச்சேரிய கேக்கவே மாட்டாங்க.

காலிக்கு அப்புறம் மாலத்தீவ வடக்க உலிகமுல பிடிச்சி ஒவ்வொரு தீவா தெக்க இறங்குங்க, தெக்குக் கோடில இருக்கற அட்டுக்கு ஏப்ரல் கடைசில வந்தா போதும். அதுக்கும் தெக்க சாகோஸ் தீவுகள்ல நிக்கணும்னா பர்மிட் முன்கூட்டியே வாங்கணும், இன்சூரன்ஸ் காகிதம் கேப்பாங்க. 2025 மே மாசம் பிரிட்டன் அத மொரீஷியஸுக்கு ஒப்படைக்க கையெழுத்து போட்டிருக்கு, அதனால அப்ப யாரு பர்மிட் குடுக்கறாங்கன்னு பாத்துக்கோங்க. சாகோஸ்ல இருந்து ரோட்ரிக்ஸ் தீவு 1,000 மைல், இந்த ஒரு ஓட்டம்தான் பாப்பாவுக்கு சோதனை, தென்கிழக்குக் காத்து இடப்பக்கமா நல்லா அடிக்கும். அத தாண்டிட்டா மொரீஷியஸ், ரீயூனியன் எல்லாம் கிட்ட கிட்ட.

ஒண்ணு முக்கியம். சின்ன மாமனார் இங்க ரீயூனியன்லயே இருந்து பசங்கள ஸ்கூல்ல சேத்துட்டு அடுத்த வருஷம் போங்கம்பாரு. இருங்க, ஆனா போட்ட நம்பி இருக்காதீங்க. இங்க நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் காலம், 2024 ஜனவரில பெலால் புயல், 2025 பிப்ரவரில கரான்ஸ் புயல், ரெண்டும் தீவு மேலயே ஏறுச்சு. போறதா இருந்தா அக்டோபர் நவம்பர்ல தென்னாப்பிரிக்காவோட ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு கிளம்பிடுங்க, 1,400 மைல். அங்க கரையோரம் அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கா ஓடும், தென்மேற்குக் காத்து அதுக்கு எதிரா அடிச்சா அலை செங்குத்தா எழும்பும். அந்தக் காத்து கணிப்புல இருந்தா வெளியவே காத்திருங்க, அவசரப்பட்டு நீரோட்டத்த கடக்காதீங்க.

கடலூர் ஓடி மாலுமி:
தம்பி சொன்னது சரி, திருகோணமலைன்னா நான் ஒத்துக்கறேன். அங்க இலங்கை நேவி தளம் இருக்கும்மா, இருட்டுல நுழையாதீங்க, வெளிய மெதுவா ஓட்டிக்கிட்டு இருந்து விடிஞ்சப்புறம் விஎச்எஃப் ரேடியோ 16ம் சேனல்ல கூப்பிட்டுட்டு போங்க. ஏஜென்ட்ட முன்னாடியே பேசி வைங்க, ரெண்டு மூணு பேர் கிட்ட ரேட் கேளுங்க.

தேங்காத்திட்டு ஃபைபர்:
அக்கா, சபாங்ல இருந்து திருகோணமலை வரைக்கும் ராத்திரி முழிக்க ஆளு வேணும்னா சொல்லுங்க. பாஸ்போர்ட் இருக்கு, சமைப்பேன், மீன் பிடிக்கறது ஃப்ரீ.