துருப்பிடித்த எஃகுக்கு அடுத்து டைட்டானியமா? அளவெடுத்துச் செய்யும் மிதிவண்டிச் சட்டகத்துக்கு ஆலோசனை தேவை

நெடுங்கால் (யீஷூன், சிங்கப்பூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் உயரம் 190 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. கடையில் கிடைத்த மிகப் பெரிய அளவுச் சட்டகத்திலும் சீட் போஸ்ட்டை (இருக்கையைத் தாங்கும் தண்டு) எச்சரிக்கைக் கோடு வரை உயர்த்தித்தான் ஏழு ஆண்டுகளாக ஓட்டி வந்தேன். சென்ற மாதம் பெடல் அச்சில் சத்தம் கேட்டதால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றியதும் அரைக் குவளை அளவுக்குச் செந்நிற நீர் கொட்டியது. முன்பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பகுதியை ஸ்குரூடிரைவரால் லேசாக அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. வெளியே பெயின்ட் புதிது போலவே இருந்ததால் எனக்கு எந்த முன்னறிவிப்பும் கிடைக்கவில்லை. அது குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகுச் சட்டகம்.

எனவே இம்முறை என் உடலளவுக்கே ஒரு சட்டகம் செய்துகொள்ள முடிவெடுத்து, வெளிநாட்டில் உள்ள ஒரு சிறு பட்டறையிடம் விலை கேட்டேன். ரேனால்ட்ஸ் நிறுவனத்தின் 853 வகை எஃகுக் குழாய் என்றால் 3,900 சிங்கப்பூர் வெள்ளி, டைட்டானியம் என்றால் 7,200 வெள்ளி என்றார்கள். சனிக்கிழமைகளில் மண்டாய் சாலை வழியாக லிம் சூ காங் வரை செல்வேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சாங்கியிலிருந்து படகில் மலேசியாவின் பெங்கராங் போய், அங்கிருந்து தேசாரு வரை ஓட்டுவேன். பழைய வண்டியில் இன்னொரு குறையும் இருந்தது: மண்டாய்ச் சரிவில் வேகம் கூடும்போது முன்பக்கம் நடுங்கத் தொடங்கும்.

இந்த ஊரின் ஈரத்துக்கு எஃகு தாங்காது என்றும், டைட்டானியத்தைத் தவிர வேறு வழி இல்லை என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். துருப்பிடிக்காமல் இருப்பதற்கு மட்டும் 3,300 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதா என்று வீட்டில் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சாங்கி_எதிர்காற்று எழுதியது:

ஒன்பது ஆண்டுகளாக டைட்டானியம் வைத்திருக்கிறேன். மழையில் நனைந்து, தாழ்வாரத்தில் நின்று, கடற்காற்றில் ஊறியும் சட்டகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பெயின்ட் கிடையாது என்பதால் உரசல்களைத் தேய்த்தே மறைத்துவிடலாம். பணம் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டில் என்னுடைய அலுமினிய சீட் போஸ்ட் சட்டகத்துக்குள் இறுகிக்கொண்டது. டைட்டானியமும் அலுமினியமும் உப்புநீரோடு சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான் என்பதும், அதன் ஆக்சைடு பருத்து இடைவெளியை அடைத்துவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. போஸ்ட்டை அறுத்து எடுக்க இரண்டு வார இறுதிகள் ஆயின. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, இறுகலைத் தடுக்கும் பசை பூசி மாட்டுகிறேன்.

பட்டறை_முதியவர் (செம்பவாங்) எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகள் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மிதிவண்டி எனக்குப் பொழுதுபோக்கு. உலோகத்தைத் தேர்வதற்கு முன், பழைய சட்டகம் ஏன் போனது என்று தெரிந்துகொள்வது நல்லது. அரைக் குவளை நீர் காற்றின் ஈரத்திலிருந்து வந்திருக்க முடியாது. அது எங்கோ ஒரு வழியாக உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் தங்கியிருக்கிறது. ஆகவே சிலவற்றைக் கேட்கிறேன். வண்டியை வீட்டில் எப்படி நிறுத்துகிறீர்கள்? சீட் போஸ்ட்டை இறுக்கும் இடத்தில் குழாயில் உள்ள பிளவு முன்னே பார்த்திருக்கிறதா, பின்சக்கரத்தைப் பார்த்திருக்கிறதா? பாட்டம் பிராக்கெட்டின் அடியில் வடிகால் துளை உண்டா? மழைக்காலத்தில் வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க வண்டியைப் பிடித்து நிறுத்தும் கருவி) மாட்டி ஓட்டும் பழக்கம் இருக்கிறதா?

நெடுங்கால் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விகளைப் படித்தபின் வண்டியை மறுபடி பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. தாழ்வாரத்தில் வழியை மறைக்கக் கூடாது என்பதால், வீட்டுக்குள் சுவரில் ஒரு கொக்கி அடித்து, முன்சக்கரம் மேலே இருக்கும்படி செங்குத்தாகத் தொங்கவிடுகிறேன். பிளவு பின்சக்கரத்தைப் பார்த்திருக்கிறது, மட்கார்டு கிடையாது. வடிகால் துளை இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாரத்துக்கு மூன்று நாள் டிரெய்னரில் ஓட்டுகிறேன். மின்விசிறி வைத்தாலும் வியர்வை மேல்குழாயிலும் ஹெட்செட்டிலும் (கைப்பிடி திரும்புவதற்கான பேரிங் பகுதி) சொட்டும். துண்டால் துடைப்பேனே தவிரக் கழுவியதில்லை. கைப்பிடித் துணியைப் பிரித்தபோது அலுமினியக் கைப்பிடியில் வெள்ளைப் பொடி படர்ந்து, அதன் அடியில் சிறு குழிகள் தெரிந்தன.

பட்டறை_முதியவர் எழுதியது:

முதலில் அந்தக் கைப்பிடியைத் தூக்கி எறியுங்கள்; அதை வைத்துக்கொண்டு மண்டாய்ச் சரிவில் இறங்க வேண்டாம். குழி விழுந்த அலுமினியம் வளையாமல், ஒரே நொடியில் முறிந்துவிடும். 7,200 வெள்ளிச் சட்டகத்தில் மாட்டியிருந்தாலும் அந்தக் கைப்பிடி இப்படித்தான் ஆகியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். வியர்வை மழைநீரைவிடக் கொடியது. மழைநீரில் உப்பு மிகக் குறைவு, வியர்வையில் உப்பே முக்கியச் சரக்கு.

உங்கள் சட்டகத்தில் நடந்தது இது: பின்சக்கரம் வாரியடித்த நீர் பிளவின் வழியாக இருக்கைக் குழாய்க்குள் இறங்கிப் பாட்டம் பிராக்கெட்டில் சேர்ந்தது. தண்ணீர்க் குப்பி மாட்டும் திருகுகளின் வழியாகவும் ஹெட்செட்டின் வழியாகவும் கொஞ்சம் போயிருக்கும். நீங்கள் வண்டியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டபோதும் கீழ்க்குழாய் சாய்ந்து, அதன் அடிமுனை கீழ்நோக்கியே இருந்தது. அதற்குள் இருந்த ஈரம் அடிக்கு வந்து வாரக்கணக்கில் நின்றது. கப்பலின் அடித்தொட்டிகளில் நான் பார்த்ததும் இதேதான். வெளிப்பூச்சை எத்தனை முறை புதுப்பித்தாலும் தகடு தின்னப்படுவது உள்ளிருந்துதான்.

ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் மழை பெய்யும் ஊரில் எஃகு ஓட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். இருபது வயது தாண்டிய சட்டகங்களை நானே பார்த்திருக்கிறேன். பட்டறையிடம் ஈடி பூச்சு (மின்சாரத்தால் படியவைக்கும் பூச்சு) போடச் சொல்லுங்கள். சட்டகத்தைப் பூச்சுத் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்தும்போது குழாயின் உட்புறத்திலும் பூச்சு படியும். திரவம் உள்ளே போய் வெளியே வரக் குழாய்களில் துளைகள் இருக்க வேண்டும் என்பதால், வரைபடம் முடிவாகும் முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள். பிளவை முன்பக்கம் வைக்கச் சொல்லுங்கள், பாட்டம் பிராக்கெட்டின் அடியில் வடிகால் துளை கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை உள்ளே தெளித்து, சட்டகத்தை எல்லாப் பக்கமும் புரட்டிக் காயவிடுங்கள். டிரெய்னருக்கு வேறொரு பழைய வண்டியை வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவு.

டைட்டானியத்தை நான் குறை சொல்லவில்லை; அழகான உலோகம். ஆனால் சூட்டில் அது ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி, எளிதில் நொறுங்கும் உலோகமாகிவிடும் தன்மை கொண்டது. அதனால் வெல்டிங்கின்போது குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு சூழ்ந்திருக்க வேண்டும். அதைத்தான் நீங்கள் வாங்குவதென்றால், மெருகேற்றுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். பற்றவைத்த இடம் வெள்ளி நிறத்திலோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நல்லது; நீலம் ஓடியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது, சாம்பல் பூத்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

குழாய்க்_கணக்கு (தெம்பனிஸ்) எழுதியது:

நான் இயந்திரப் பொறியாளராக வேலை செய்கிறேன். முன்பக்க நடுக்கத்தைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் துருவைவிட முக்கியமான விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எஃகின் மீள்தன்மைக் குணகம் (உலோகம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், சட்டகங்களுக்குப் பயன்படும் டைட்டானியக் கலவையினுடையது 105, அலுமினியத்தினுடையது 70. அடர்த்தியோ முறையே 7.85, 4.5, 2.7. குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை வரும். ஆகவே சட்டகம் விறைப்பாக இருக்குமா, தொய்வாக இருக்குமா என்பதை உலோகத்தின் பெயரைவிடக் குழாயின் விட்டமே அதிகம் தீர்மானிக்கிறது. மெல்லிய சுவருள்ள குழாயில் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும், எடை விட்டத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும். கீழ்க்குழாயை 31.8 மில்லிமீட்டரிலிருந்து 38.1 மில்லிமீட்டராக மாற்றி, சுவரின் தடிமனை அப்படியே வைத்தால், எடை 20 விழுக்காடு கூடும். விறைப்போ 72 விழுக்காடு கூடும். அதே 31.8 அளவில் டைட்டானியக் குழாயைப் போட்டால் விறைப்பு எஃகில் பாதியாகிவிடும். ஈடுகட்டுவதற்குக் குறைந்தது 39 மில்லிமீட்டர் வேண்டும்.

உயரமானவர்களின் சட்டகத்தில் எல்லாக் குழாய்களும் நீளம். நடுத்தர உயரக்காரருக்குத் தேர்ந்த அதே குழாய்களை நீளமாக வெட்டிப் பற்றவைத்தால், வேகத்தில் முன்பக்கம் முறுகி நடுங்குவது வியப்பல்ல. (ஹெட்செட் தளர்ந்திருந்தாலும் இது வரும், உங்களுடையது வியர்வையில் கெட்டிருந்தது என்பதால் இரண்டும் சேர்ந்திருக்கலாம். இதற்கிடையே நடுக்கம் வந்தால், முழங்காலை மேல்குழாயில் ஒட்டி அழுத்துங்கள், அடங்கிவிடும்.) பட்டறையிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “190 சென்டிமீட்டர் உயரமும் 94 கிலோ எடையும் உள்ளவருக்கு மேல்குழாயும் கீழ்க்குழாயும் எந்த விட்டத்தில் போடுவீர்கள்?” என்பதே. எல்லோருக்கும் ஒரே குழாய்த் தொகுப்பு என்று பதில் வந்தால், அளவெடுத்துச் செய்வதாகச் சொல்வதில் பாதி பொய்.

எடையைப் பற்றி ஒரு வரி போதும்: வண்டியும் நீங்களும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல்; இரண்டு சட்டகங்களுக்கும் அரைக் கிலோ வித்தியாசம் இருந்தாலும் அது அரை விழுக்காடுகூட இல்லை. தீவின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான்.

சாங்கி_எதிர்காற்று எழுதியது:

கணக்கெல்லாம் சரி, அக்கா. ஆனால் டைட்டானியத்தில் ஓட்டும்போது சாலையின் அதிர்வு கைக்கு வராமல் இருப்பதை ஒன்பது ஆண்டுகளாக உணர்ந்து வருகிறேனே?

குழாய்க்_கணக்கு எழுதியது:

உணர்வை மறுக்கவில்லை. உங்கள் வண்டியில் எத்தனை மில்லிமீட்டர் டயர் என்று மட்டும் சொல்லுங்கள்.

சாங்கி_எதிர்காற்று எழுதியது:

32. முந்தைய வண்டியில் 23.

குழாய்க்_கணக்கு எழுதியது:

உங்கள் பதிலிலேயே விடை இருக்கிறது, தம்பி. மேல்கீழ் அதிர்வை உள்வாங்குவதில் டயரின் நெகிழ்வோடு ஒப்பிட்டால் சட்டகத்தின் நெகிழ்வு மிகச் சிறியது. நெடுங்கால் எந்த உலோகத்தைத் தேர்ந்தாலும் 38 மில்லிமீட்டர் டயர் புகும்படி இடைவெளி கேட்க வேண்டும். 25 மில்லிமீட்டர் டயருக்குத் தேவைப்படும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியே அதற்குப் போதும்.

பொங்கோல்_புதியவன் எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அலுமினியத்தையும் கார்பனையும் ஏன் யாரும் குறிப்பிடவில்லை?

பட்டறை_முதியவர் எழுதியது:

சட்டகங்களில் பெரிதும் பயன்படும் 6061 வகை அலுமினியத்தைப் பற்றவைத்த பிறகு முழுச் சட்டகத்தையும் உலையில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி பதப்படுத்த வேண்டும். அவ்வளவு பெரிய உலை சிறு பட்டறைகளில் இருப்பது அரிது. கார்பனை ஒருவரின் அளவுக்கென அச்சு செய்து வார்ப்பது கட்டுப்படியாகாது. குழாய்களை வெட்டி இணைத்துக் கார்பன் துணி சுற்றும் முறையில் சிலர் செய்கிறார்கள். இவருக்கு விலை சொன்ன பட்டறை அதைச் செய்வதில்லை போலிருக்கிறது. துருவே கூடாதென்றால் ரேனால்ட்ஸ் 953 போன்ற துருவேறா எஃகுக் குழாய்களும் உண்டு. ஆனால் விலை டைட்டானியத்தை நெருங்கிவிடும், உப்பு தேங்கினால் அதிலும் புள்ளி விழும்.

நெடுங்கால் எழுதியது:

மிக்க நன்றி ஐயா, அக்கா, மற்ற நண்பர்களே. பட்டறைக்கு நேற்றிரவு எழுதினேன், இன்று காலை பதில் வந்தது. முதலில் கீழ்க்குழாயை 35 மில்லிமீட்டரில் போடுவதாக இருந்தார்களாம். என் எடையையும் நடுக்கத்தையும் விளக்கியதும் 38.1 மில்லிமீட்டருக்கு மாற்றி, மேல்குழாயையும் ஓர் அளவு பெரிதாக்க ஒப்புக்கொண்டார்கள். 853 எஃகு, 38 மில்லிமீட்டர் டயருக்கும் மட்கார்டுக்கும் இடம், முன்பக்கப் பிளவு, வடிகால் துளை. ஈடி பூச்சுக்கு 260 வெள்ளி கூடுதல். பழைய சட்டகத்தைக் கீழ்க்குழாயில் வெட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மட்டும் சுவர் காகிதமாகத் தேய்ந்திருந்தது, அதற்கு மேலே உலோகம் பளபளவென்று இருந்தது. சுவர்க் கொக்கியையும் கழற்றிவிட்டேன்.

பட்டறை_முதியவர் எழுதியது:

நல்லது தம்பி. சட்டகம் வந்து சேர்ந்ததும், எதையும் மாட்டுவதற்கு முன், வடிகால் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். பெயின்ட் அடிக்கும்போது பல நேரங்களில் அது அடைத்துப்போயிருக்கும்.