ஃபோர்ட் வில்லியம் டவுன்ஹில்: ஞாயிறு கடைசி ஓட்டம் வரை கையும் டயரும் தாங்க

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தில் டவுன்ஹில் போட்டிக்கு, அதாவது மலைச் சரிவில் சைக்கிளில் நேரம் பார்த்து இறங்கும் பந்தயத்துக்கு, முதல் முறை போகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நேரம் நழுவுவது பெரும்பாலும் கை ஓய்ந்து போகிற இடத்தில்தான். ஊனக் மோர் மலைச் சரிவில் இருக்கும் பாதை அது. 2002 முதல் 2024 வரை பெரும்பாலான ஆண்டுகளில் உலகக்கோப்பை நடந்தது, 2007லும் 2023லும் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது. நீளம் ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர், இறக்கம் 500 மீட்டருக்கு மேல். உலகக்கோப்பையில் ஜெயிப்பவருக்கே 4 நிமிடம் தாண்டும். அமெச்சூர் ஓட்டக்காரருக்கு 6, 7 நிமிடம் ஆகலாம். அத்தனை நேரமும் ஹேண்டில்பார் கையை அடித்துக்கொண்டே இருக்கும்.

மேல் பாதி முழுக்கப் பாறை, நடுநடுவே சதுப்பைக் கடக்க மரப்பலகை. பிறகு காடு, வேர், சேறு. கடைசியில் 'மோட்டர்வே' என்று சொல்லும் திறந்தவெளி: வரிசையாக ஜம்ப், எதிர்க்காற்று, பெடல் மிதி. கை மரத்துப்போய் மோட்டர்வேக்குள் நுழைகிறவருக்கு பிரேக்கைப் பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. ஜம்பில் சைக்கிள் முன்பக்கம் கவிழ்வது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

முன்கைத் தசை விடாமல் இறுகியே இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, ரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்குகிறது. ஆகவே இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையையே குறைக்க வேண்டும். பிரேக் லீவரை வெகு கீழே சாய்த்து வைக்காதீர்கள். சரிவில் குதிகால் தாழ்த்தி நிற்கும்போது மணிக்கட்டு நேராக வரும்படி லீவர் கொஞ்சம் கிடைமட்டமாக இருக்கட்டும். ஒரே விரல்தான், அதுவும் லீவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும். உள்பக்கம் உட்கார்ந்தால் லீவரைப் பாரில் பிடித்திருக்கும் கிளாம்ப்பை கிரிப்பிலிருந்து 1 அல்லது 2 சென்டிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். அடுத்தது ரீபவுண்ட், அதாவது முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் அமுங்கியபின் மீண்டு வரும் வேகம். மெதுவாக வைத்துவிட்டால் அடுத்தடுத்த கல்லில் ஃபோர்க் மீண்டு வர நேரமில்லாமல் உள்ளேயே தங்கிவிடும், கடைசி கல் நேராக மணிக்கட்டில் இறங்கும். ஊர்ப் பாதையில் வைத்திருக்கும் அளவிலிருந்து ஒன்று, இரண்டு கிளிக் வேகமாக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், எழுதியும் வையுங்கள்.

சனிக்கிழமை ப்ராக்டீஸில் முழு ஓட்டம் ஐந்து, ஆறு போதும். மேலே ஏற்றிவிடும் கொண்டோலா (கம்பிவடப் பெட்டி) ஓடுகிறதே என்று பத்து போனால் ஞாயிறு போட்டிக்கு கை இருக்காது. முதல் இரண்டு ஓட்டத்தில் நிறுத்தி நிறுத்தி, பாதையோரம் கட்டியிருக்கும் டேப்புக்கு வெளியே நின்று, மற்றவர்கள் எந்தத் தடத்தில் போகிறார்கள் என்று பாருங்கள். வெள்ளி மாலையே ஒரு முறை நடந்து பார்ப்பது இன்னும் நல்லது. கீழிருந்து மேலே திரும்பிப் பார்த்தால்தான் வேருக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் தெரியும்.

* * *

அண்ணே, கை சரி, டயரையும் சேர்த்துச் சொல்லணும். இந்தப் பாதையில பாதி வீக்எண்ட் பஞ்சர்லயே போயிடுது.

டவுன்ஹில் கேஸிங், அதாவது தடிச்ச உடம்பு உள்ள டயர்தான் போடணும், லேசான ட்ரெய்ல் டயர் வேண்டவே வேண்டாம். விளிம்பு கூர்மையா இருக்குற கல்லுல மோதும்போது டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி, பீட் (ரிம்மைப் பிடிக்கிற டயர் விளிம்பு) ஓரமா வெட்டு விழும். ஊசித் துளைன்னா டயருக்குள்ள ஊத்துற சீலன்ட் திரவம் அடைக்கும், இந்த வெட்டுக்கு ஒண்ணும் செய்யாது.

75 கிலோ ஆளுக்கு முன்னாடி 23, பின்னாடி 27 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) நல்ல தொடக்கம். உள்ள ஃபோம் இன்சர்ட் போட்டிருந்தா ரெண்டு பிஎஸ்ஐ குறைக்கலாம். சனிக்கிழமை முதல் ஓட்டத்துக்கு ரெண்டு கூடவே வெச்சுக்கிட்டு, ஓட்டத்துக்கு ஒண்ணா இறக்குங்க. ஒவ்வொரு தடவை கீழ வந்ததும் பின் ரிம் விளிம்புல விரல் நகத்தை ஒரு முழுச் சுத்து ஓட்டிப் பாருங்க, புதுசா ஒரு சொட்டை இருந்தா நகம் தடுக்கும். தடுக்குச்சுன்னா ஒரு பிஎஸ்ஐ ஏத்திட்டு அங்கேயே நிறுத்திக்கணும். ரொம்ப இறக்கினா பெர்ம்ல (ஓரம் உயர்த்திக் கட்டின திருப்பம்) டயர் பக்கவாட்டுல மடங்கி காத்து 'புஸ்'ஸுன்னு வெளியேறும். பம்ப்புக்குப் பம்ப் மீட்டர் மாறும், அதனால ரெண்டு நாளும் ஒரே கேஜ். பக்கத்து டெண்ட்காரரோட பம்ப்புல பார்த்த எண்ணை நம்பாதீங்க.

29 இன்ச் 2.5 டயருக்கு சீலன்ட் 100-லிருந்து 120 மில்லி. மூணு மாசத்துக்கு முன்னாடி ஊத்தினது காய்ஞ்சிருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி புதுசா ஊத்துங்க. வால்வ் கோர் (வால்வோட உள்பகுதி) ரெண்டு, டெரெய்லர் ஹேங்கர் (கியர் மாத்துற கருவியை ஃப்ரேம்ல மாட்டுற துண்டு) ஒண்ணு, ஸ்போக் நாலு பையில இருக்கட்டும். ஹேங்கர் பல ஃப்ரேமுக்கு வேற வேற, அங்க போய் தேடினா கிடைக்காம போகலாம்.

மழைன்னா உடனே மட் ஸ்பைக்குக்கு (நீளக் கட்டை வெச்ச சேத்து டயர்) ஓடுறாங்க. மேல பாறையில அந்த நீளக் கட்டைகள் வளைஞ்சு வழுக்கும். காட்டுக்காக அது வேணும்னு தோணுச்சுன்னா கட்டையை வெட்டிக் குட்டையாக்கிப் போடுங்க. ஈர கிரானைட்ல பிடிப்பு நம்புற அளவுக்கு இருக்கு. ஆளை விழ வைக்கிறது ஈர மரப்பலகை. அதுல ஏறுறதுக்கு முன்னாடியே பிரேக், திருப்பம் ரெண்டையும் முடிச்சிடணும்.

* * *

பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆர்கானிக் பேடுடன் (மென்மையான வகை பிரேக் கட்டை) வரவே வேண்டாம். கிரானைட் மணலும் மழையும் சேர்ந்தால் ஒரே நாளில் தேய்ந்துவிடும். மெட்டாலிக் பேட், 200 மில்லிமீட்டருக்குக் குறையாத ரோட்டர் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு), மாற்று பேட் இரண்டு ஜோடி. பேட் மிச்சத்தை கண்மதிப்பில் விடாமல் கழற்றி அளந்து பாருங்கள். ஷிமானோ பிரேக்கில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டர் வந்தாலே மாற்ற வேண்டும். ஸ்ராம் பிரேக்கில் பின்தகட்டோடு சேர்த்து 3 மில்லிமீட்டர்.

புது பேடைப் பழக்காமல் போட்டிக்குப் போனால் கத்தும், பிடிக்காது. கார் நிறுத்துமிடத்திலேயே ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள், முழுதாக நிற்க வேண்டாம். ஒவ்வொரு பிரேக்குக்கும் தனித்தனியாக இருபது முறை.

பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் பேட் கண்ணாடி போல் பளபளத்து உறைந்துவிடும், ரோட்டரில் நீலம் பூக்கும். அந்த நீலத்தைப் பார்த்தால் ஓட்டும் முறையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்: நேரான இடத்தில் பலமாகப் பிடித்து, சீக்கிரம் விடுங்கள். கைக்கும் அதுதான் ஓய்வு. லீவர் பார் வரை வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, ப்ளீட் செய்யாமல் (காற்றை வெளியேற்றாமல்) ஏறக்கூடாது. பிரேக்குக்குள் இருக்கும் திரவம் இரண்டு வகை, டாட் (DOT), மினரல் ஆயில். டாட் திரவ பிரேக்கில் மினரல் ஆயிலோ, மினரல் பிரேக்கில் டாட்டோ கலந்தால் சீல் எல்லாம் உப்பிப் பாழாகும். அவசரத்தில் அடுத்தவர் பாட்டிலை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

சனி மாலை கழுவும்போது செயின் ஆயில் ஸ்ப்ரே ரோட்டர் பக்கம் போகக்கூடாது. சொட்டு மருந்து போல ஒவ்வொரு கண்ணிக்கும் சொட்டு ஆயில் விட்டுத் துடைத்துவிடுங்கள். ஸ்டெம், ரோட்டர், பிவட் போல்ட்களை டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளக்கும் ரெஞ்ச்) சரியாக முறுக்கியபின், போல்ட் தலையிலிருந்து ஃப்ரேம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

* * *

மிட்ஜ் பூச்சியை மறந்துடாதீங்க. கொசுவைவிடச் சின்னது, கூட்டமா வரும். மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல காத்து அடிச்சா பறக்காது. காத்தில்லாத தூறல் காலைல, கொண்டோலா க்யூல நிக்கும்போதுதான் பிடிக்கும். டீட் உள்ள மருந்து வேண்டாம், காகிள் (கண் காப்புக் கண்ணாடி) லென்ஸையும் மத்த பிளாஸ்டிக்கையும் கரைக்கும். இகாரிடின் உள்ள பூச்சி விரட்டி வாங்குங்க. காகிளை க்யூலயே மாட்டாதீங்க. வேர்வைல பனி பூத்துடும், நெத்தில ஏத்தி விட்டாலும் அதேதான். கிளம்புறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி மாட்டுங்க, லென்ஸோட உள்பக்கத்தைத் துடைக்கவே துடைக்காதீங்க.

* * *

ஞாயிற்றுக்கிழமை போட்டி ஒழுங்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழு முக ஹெல்மெட், முழங்கால் காப்பு, பார் நுனியில் அடைப்பு இல்லாமல் விடமாட்டார்கள். ஆட்களை இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக அனுப்புவார்கள், 30 வினாடி என்பது வழக்கம். பின்னால் வருபவர் குரல் கொடுத்தால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கிவிடுங்கள். டேப்புக்கு வெளியே போனால், வெளியேறிய இடத்திலேயே திரும்ப நுழைய வேண்டும். சில மீட்டர் மிச்சப்படுத்தி நுழைந்தால் ஓட்டமே செல்லாது. மஞ்சள் கொடிக்கு வேகத்தைக் குறையுங்கள். சிவப்பு என்றால் அங்கேயே நின்று, பக்கத்து மார்ஷலிடம் (பாதையோரக் கண்காணிப்பாளர்) உங்கள் எண்ணைச் சொல்லி மறு ஓட்டம் கேளுங்கள். பார்க்காதது போல் கோடு வரை ஓட்டிவிட்டு அப்புறம் கேட்டால் கிடைக்காது.

தலையில் அடி பட்டு, ஒரு நொடி மங்கலாக இருந்தால்கூட அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. பக்கத்தில் இருக்கும் நண்பர்தான் பிடிவாதமாகத் தடுக்க வேண்டும், அடிபட்டவருக்குத் தன் நிலைமை தெரியாது. அந்த ஹெல்மெட்டையும் திரும்பப் போடக்கூடாது.

மேலே, கொண்டோலாவின் கீழ் நிலையத்தைவிடக் குளிர் அதிகம், கொண்டோலாவில் உட்கார்ந்து வருவதற்குள் கை விறைத்துவிடும். ஸ்டார்ட் வரை ஜாக்கெட், தடித்த கையுறை. ஐந்து நிமிடம் தோளையும் மணிக்கட்டையும் சுழற்றி, ஓடி, சூடாக்கிய பிறகு மெல்லிய கையுறைக்கு மாறுங்கள். கடைசியாக முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரோட்டர் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள்.