ரெக்லெஸ்: 'அசட்டுத் துணிச்சல்' போதுமா?

மாட்டுங்காவிலிருந்து:

வணக்கம். மும்பை லோக்கல் ரயிலில் போகிற நம்மவர்களுக்காக ரயில்வே சட்டத்தின் (1989) தண்டனைப் பிரிவுகளை எளிய தமிழில் எழுதும் வேலை ஓரிடத்தில் நிற்கிறது. 156ஆம் பிரிவில் சிக்கல் இல்லை. ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் கூரையிலோ படியிலோ ஃபுட்போர்டிலோ பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயிலில் இருப்பவர்களுக்கு ஆபத்து விளைவிப்பது பற்றிய 154ஆம் பிரிவில்தான் 'ரேஷ் ஆர் நெக்லிஜென்ட்' (rash or negligent) வருகிறது. விளக்கம் எழுதப் போனால் 'ரெக்லெஸ்' வேறு வந்து சேர்கிறது. வரைவில் இவற்றுக்கு 'அசட்டுத் துணிச்சல்', 'பொறுப்பற்ற', 'கண்மூடித்தனமான' என்று பக்கத்துக்கொரு சொல்.

அசட்டுத் துணிச்சலை முதலில் தள்ளிவிடலாம். அது அசடனின் துணிச்சல். ஆங்கிலத்தின் 'ஃபூல்ஹார்டி'க்குச் சரியாகப் பொருந்தும். ஃபுட்போர்டில் தொங்குகிறவர் அசடு இல்லை. கம்பம் எந்தப் பக்கம் நெருங்கி வரும் என்பது அவருக்கு மனப்பாடம். தெரிந்தும் சட்டை பண்ணுவதில்லை, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் 'ரெக்' என்றால் பொருட்படுத்துவது. அது இல்லாதது ரெக்லெஸ். நம்மிடம் சட்டை பண்ணாததற்கு 'அசட்டை' என்ற சொல் தயாராக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

செம்பூரிலிருந்து:

ஐயா, அசட்டை நல்ல சொல்தான், ஆனால் பொருள் நகர்ந்துவிட்டது. 'அசட்டையா இருந்துட்டேன், பால் பொங்கிடுச்சு' என்றால் அங்கே யாரும் ஆபத்தைத் தெரிந்து மீறவில்லை. அது நெக்லிஜென்ஸ், கவனக்குறைவு. இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்வி: ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்ததா?

இந்தக் கோட்டை மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 1872-லேயே, நிதமர்த்தி நாகபூஷணம் வழக்கில் போட்டுவிட்டது. தீங்கு நேரலாம் என்ற உணர்வு இருக்கிறது, நேராது என்ற நம்பிக்கையில் செய்துவிடுகிறார் என்றால் ரேஷ். அந்த உணர்வே இல்லை, ஆனால் உரிய எச்சரிக்கையோடு இருந்திருந்தால் உணர்வு வந்திருக்கும் என்றால் நெக்லிஜென்ஸ். இங்கிலாந்து இதே இடத்தில் நெடுநாள் தடுமாறியது. 1957-இல் கன்னிங்ஹாம் என்பவர் காசுக்காக எரிவாயு மீட்டரைப் பிடுங்க, வாயு அடுத்த வீட்டுக்குக் கசிந்தது. ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே அந்த வழக்கின் அளவுகோல். 1981-இல் கால்டுவெல் வழக்கு, சாதாரண மனிதருக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தாக இருந்தாலே போதும் என்றது. 11, 12 வயதுச் சிறுவர்கள் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, தீ கடை வரை பரவிய வழக்கில், 2003-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கால்டுவெல் அளவுகோலைக் கைவிட்டது. ஆக, 'தெரிந்தும்' என்பது நம் சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

நம் காவல் நிலையத் தமிழ் இதைப் பாழாக்கி வைத்திருக்கிறது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்பது முதல் தகவல் அறிக்கையின் தேய்ந்த தடம். ரேஷ் அங்கே வேகமாகச் சுருங்கிவிட்டது. வேகமாகப் போனது என்பதாலேயே ரேஷ் என்றோ நெக்லிஜென்ஸ் என்றோ ஆகிவிடாது என்று 1998-இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவரும் ரேஷாக ஓட்டுகிறவராக இருக்கலாம். 'அதிவேகமாக' என்று மொழிபெயர்த்தால் அவர் தப்பிவிடுவார்.

என் முன்மொழிவு 'துணிந்த அசட்டை'. துணிதல் என்பதற்கு முடிவெடுத்தல் என்றும் பொருள் உண்டு. 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளில் உள்ள பொருள் அதுதான். சட்டப் பகுதியில் ரேஷ், ரெக்லெஸ் இரண்டுக்கும் இது ஒன்றே போதும். பொது அகராதியில் மட்டும் ரேஷைத் தனியே வையுங்கள். அங்கே அது அவசரம். யோசிக்காமல் 'எடுத்தேன் கவிழ்த்தேன்' என்று செய்வது.

தாராவியிலிருந்து:

அம்மா சொல்லும் கோடு சரி, சொல்தான் இடிக்கிறது. எந்தச் சொல்லையும் மூன்று வாக்கியங்களில் ஓட்டிப் பாருங்கள்: பெயராக ஒன்று, வினையடையாக ஒன்று, பிளாட்பார ஒலிபெருக்கியில் ஒன்று. 'துணிந்த அசட்டை குற்றம்' நிற்கிறது. 'துணிந்த அசட்டையாக ஓட்டினார்' நொண்டுகிறது. ஒலிபெருக்கியில் பையன்கள் காதில் 'துணிந்த' மட்டும்தான் விழும். அது அவர்களுக்குப் பாராட்டு. தொங்கிக்கொண்டு போவதை ஏற்கெனவே 'பிந்தாஸ்' (எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன்) என்று மெச்சுகிற ஊர் இது. ஆகவே பிரிவின் தலைப்பில் 'துணிந்த அசட்டை', மற்ற இடமெல்லாம் 'தெரிந்தும் அசட்டையாக'. ஒரு சொல்லுக்கு இரண்டு வடிவமா என்று யாராவது முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

பொது அகராதிப் பட்டியலில் மீதமுள்ள ஆங்கிலச் சொற்களுக்கும், தெரிந்து செய்கிறாரா என்ற அதே கேள்வியைப் போடலாம். பிரேஸன் என்றால், செய்வது தகாதது என்று தெரியும், கூச்சம் இல்லை. 'வெட்கங்கெட்ட' என்பது வசவாகிவிடும். 'கூசாமல்' போதும், 'கூசாமல் பொய் சொன்னார்' என்று வழக்கிலும் இருக்கிறது. பிளண்ட் என்றால் எதிராளிக்கு உறைக்கும் என்று தெரிந்தே சொல்வது: 'வெட்டு ஒன்று துண்டு இரண்டாக'. டாக்ட்லெஸ் ஆசாமிக்கோ உறைக்கும் என்பதே தெரியாது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொத்தை எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்று அக்கறையாகவே கேட்பார். அவரை 'முரட்டுத்தனமானவர்' என்று வரைவு சொல்வது தவறு. முரடருக்குத் தான் செய்வது தெரியும். இங்கிதம் என்பதன் மூலப்பொருளே முகக்குறிப்பு, உள்ளக்குறிப்பு. குறிப்பைப் படிக்கத் தெரியாதவர் இங்கிதமற்றவர். 'குறிப்பறியாமை' என்று புதிதாக ஆக்கலாம், அழகாகவும் இருக்கிறது, ஆனால் தேவையில்லை.

ஆடாசிட்டிக்குத் தனிச்சொல் தேடி மெனக்கெட வேண்டாம். புகழ்ச்சி, கண்டனம் என்ற அதன் இரண்டு முகங்களையும் 'என்ன துணிச்சல்!' என்பது தொனியிலேயே காட்டிவிடும். எழுத்தில் தொனி கிடைக்காது என்பதால், கண்டனம் வரும் இடத்தில் 'துடுக்கு' போடுங்கள். போல்டுக்கு 'துணிச்சலான' என்று எழுதுமுன் யார் யாரைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அயர்லாந்துக்காரர் குழந்தையை போல்ட் என்றால் சேட்டைக்காரப் பிள்ளை. நம் சினிமாச் செய்தியில் 'போல்டான காட்சி' என்றால் வேறு சங்கதி.

மாட்டுங்கா ஐயா, 154-ஐ 'தெரிந்தும் அசட்டையாகவோ கவனக்குறைவாகவோ' என்று மாற்றி அனுப்புங்கள். 175-இல் ரயில்வே ஊழியர்களுக்கும் இதே ஆங்கிலத் தொடர்தான் வருகிறது. அங்கே வேறு சொல் போட்டுவிடாதீர்கள்.