சொந்தமாக ஆல்பம் வெளியிட்ட மேற்கத்தியச் செவ்விசைக் குழுக்கள்: அனுபவம் சொல்லுங்கள்

வயோலா, ஸ்ட்ரிங் குவார்டெட்

முதலில் ஒரு லேபிளிடம், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்திடம்தான் போனோம். பதிவுச் செலவு முழுவதும் எங்களுடையது, மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) உரிமை அவர்களுடையது, அச்சாகும் சிடிகளில் ஒரு பகுதியை நாங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். இந்தத் துறையில் இது அபூர்வமான நிபந்தனை இல்லையாம். காசையும் போட்டு உரிமையையும் எழுதிக் கொடுப்பதற்கு நடுவில் இன்னொருவர் எதற்கு என்று எழுந்து வந்துவிட்டோம்.

சொந்தமாக வெளியிடுவதில் முன்னோடிகளுக்குக் குறைவில்லை. டாலிஸ் ஸ்காலர்ஸ் என்ற குரலிசைக் குழுவினர் 1980களின் தொடக்கத்திலேயே கிமெல் என்ற சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். பழைய இசைக் கலைஞர் ஜோர்டி சவால் 1998இல் அலியா வாக்ஸ் லேபிளைத் தொடங்கினார். பாக்கின் கான்டாட்டா (பல பகுதிகள் கொண்ட குரலிசைப் படைப்பு) வரிசையை வெளியிடவிருந்த பெரிய நிறுவனம் பின்வாங்கியதும், இசை நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் 2005இல் அதற்கென்றே ஒரு லேபிளை ஆரம்பித்துவிட்டார்.

ஒலிப்பதிவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சேர்ப்பது ஒன்றுதான்: ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு எந்த டேக் (ஒவ்வொரு தடவை வாசித்துப் பதிவதும் ஒரு டேக்) நன்றாக வந்தது என்று குறிப்பதற்கு, வாசிக்காத ஒருவரை உட்கார வையுங்கள். மைக் வாடகையைக் குறைத்தாவது அவருக்குக் கொடுங்கள்.

எங்களைப் படுத்தி எடுத்தது, ஆல்பத்தை இணைய இசைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் விநியோகஸ்தரின் படிவம். அதில் ‘பாடகர்’, ‘பாடல்’ என்று இரண்டு கட்டங்கள். எங்களிடம் இருந்ததோ ஷூபர்ட், டி மைனர் குவார்டெட், டி. 810 (அவர் படைப்புகளின் பட்டியல் எண்), இரண்டாம் பகுதி, ஆண்டான்டே கோன் மோட்டோ (வேகக் குறிப்பு). இசை வகையில் ‘கிளாசிக்கல்’ என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் இசையமைப்பாளர், படைப்பு, பகுதி எண் என்று மற்றக் கட்டங்கள் திறந்தன. எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியும், ஒரு தளத்தில் அந்த டிராக் வெறும் ‘ஆண்டான்டே கோன் மோட்டோ’ என்று வந்து நின்றது. ஷூபர்ட்டைக் காணோம். அந்தப் பெயரைத் தேடினால் உலகத்து ஆண்டான்டேக்கள் அத்தனையும் வரிசைகட்டி வருகின்றன, எங்களுடையதைத் தவிர. திருத்தம் கேட்டு எழுதினோம். விநியோகஸ்தர் தளத்தைக் கைகாட்ட, தளம் விநியோகஸ்தரைக் கைகாட்டியது. கடைசியில் டிராக் பெயரிலேயே படைப்பின் முழுப் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பகுதியின் ரோமன் எண், வேகக் குறிப்பு என்று எல்லாவற்றையும் எழுதி மறுபடி அனுப்பிய பிறகுதான் சரியானது. இப்போது எந்தக் குழு கேட்டாலும் அந்த வரிசையைத்தான் சொல்கிறேன்.

ஐஎஸ்ஆர்சியை மறக்காதீர்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு அது. விநியோகஸ்தரே போட்டுத் தருவார், ஆனால் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். நாளைக்கு வேறு விநியோகஸ்தரிடம் மாறும்போது அதே ஒலிக்கோப்பும் அதே குறியீடும் போனால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

குரலிசைக் குழு நடத்துநர்

வயோலா நண்பர் ஷூபர்ட்டோடு நிறுத்திக்கொண்டதால் உரிமைத் தொல்லையிலிருந்து தப்பித்தார். பழைய இசைதானே, யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் லாலாந்து இறந்தது 1726இல். அவருடைய இசையைச் சரிபார்த்து வாசிக்கத்தக்க பதிப்பாகத் தயாரித்தவர் லயனல் சாகின்ஸ். அந்தப் பதிப்பை வைத்துப் பதிவுசெய்த ஹைபீரியன் லேபிளுக்கு எதிராக அவர் வழக்குத் தொடுத்தார். பதிப்பாசிரியருக்கும் பதிப்புரிமை உண்டு என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

நாங்கள் பாடிய ஒரு மோட்டெட்டின் (பல குரல்களுக்கான சமயப் பாடல்) மூலச் சுவடியில் டெனர் குரலையே காணவில்லை. ஆய்வாளர் ஒருவர் அதை எழுதி நிரப்பியிருந்தார். பதிவுக்கு முன்பே அவருக்குக் கடிதம் எழுதினோம். பெயர் போட்டால் போதும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே ஆல்பத்தில் இருந்த, இன்றும் வாழும் ஒருவரின் படைப்புக்கு முறையாக மெக்கானிக்கல் உரிமம் (படைப்பைப் பதிவுசெய்து வெளியிடும் அனுமதி) வாங்கினோம். அதில் சிக்கலே இல்லை.

சிக்கல் உள்ளேயிருந்து வந்தது. நோயுற்ற ஆல்டோ பாடகருக்குப் பதிலாக வந்து பாடியவர், ஆல்பம் வெளியானதும் தன் பங்கு என்ன என்று கேட்டார். கேட்டதில் தவறே இல்லை. மாஸ்டர் யாருக்குச் சொந்தம், செலவு திரும்பிய பிறகு எப்படிப் பங்கு, குழுவை விட்டுப் போகிறவருக்கு என்ன, மாற்றாக வருகிறவருக்கு ஒரே தடவை ஊதியமா பங்கா: ஒரு பக்கத் தாளில் அடங்கும் விஷயம். மைக்கைத் திறப்பதற்கு முன்பே அதில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நட்பு கெடாமல் இருக்க வேண்டுமானால் இதுதான் வழி.

பியானோ, ட்ரையோ

பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால் ஒரு கேட்பு. எங்கள் மெதுவான பகுதியைக் கடைசிவரை கேட்டாலும் அதே ஒரு கேட்புதான். போதாக்குறைக்கு, 2024 முதல் ஒரு டிராக் 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் பதிவுக்கான தொகை சேரும். இதற்காக ஒரு பகுதியை நாலு துண்டாக வெட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடைவெளியே இல்லாமல் அடுத்த பகுதிக்குள் போகிற இடத்தில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலே எங்கள் செல்லோக்காரருக்கு முகம் சுருங்கும்.

எங்களுக்குக் கைகொடுத்தது நேரடி விற்பனைதான். பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணம் செலுத்தும் சேவைக் கட்டணமும் போக மீதி நமக்கு. வாங்கியவரின் மின்னஞ்சலும் கிடைக்கிறது. அடுத்த கச்சேரிக்கு அழைக்க அதைவிட வேறென்ன வேண்டும்? கச்சேரி முடிந்ததும் வாசலில் விற்கிற சிடிக்கும் இன்னும் ஆள் இருக்கிறது. விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் ஆண்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். கட்டுவதை நிறுத்தினால் ஆல்பம் தளங்களிலிருந்து நீக்கப்பட்டுவிடலாம். சிடி பேபி போன்றவர்கள் வருமானத்தில் 9 சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள். மெல்ல விற்கும் நம் மாதிரிக் குழுக்களுக்கு இரண்டாவதே நல்லது என்பேன்.

கிளாரினெட், விண்ட் குவின்டெட்

எங்கள் கதை சிறியது. நாங்களே வாசித்த மொசார்ட்டைக் காணொளித் தளத்தில் ஏற்றினோம்; மறுநாளே அது வேறொருவரின் பதிவு என்று தானியங்கி உரிமைக்கோரல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே ஸ்வரங்களை யார் வாசித்தாலும் இயந்திரத்துக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும் போல. 2018இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தன் வீட்டில் வாசித்த பாக்கின் மீதே இப்படி ஒரு கோரல் வந்து செய்தியானது. நாங்கள் பதிவு நடந்த தேதி, வெட்டாத டேக்குகள், ஐஎஸ்ஆர்சி எல்லாவற்றையும் இணைத்து மறுப்பு அனுப்பினோம். கோரியவர் விலகிக்கொண்டார்.

விநியோகஸ்தரின் படிவத்தில் ‘காணொளிகளில் உங்கள் இசையைக் கண்டுபிடித்து வருமானம் ஈட்டுங்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத இசைக்கு அதை டிக் செய்தால், அடுத்த ஊர்க் குவின்டெட்டின் மொசார்ட்டை நம் பெயரில் பிடித்துக் கொடுக்கும். நாங்கள் அதை வெறுமையாகவே விட்டோம். குரலிசை நடத்துநருக்கு ஒரு கேள்வி: அந்த ஒரு பக்கத் தாளின் மாதிரியை, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே போட முடியுமா?