புதுப்பிப்பு: கணவருக்கும் பரிசோதனை எடுத்தாயிற்று

குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். மாதவிடாய் ஒழுங்காக வராததால் எனக்கு மட்டுமே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று போய்க்கொண்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். "முதலில் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை எடுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். எடுத்தோம்.

எண்ணிக்கையும் குறைவு, அசைவும் குறைவு. ஒரே அறிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார், அதிலும் அப்படியே. நிற்க வைத்துப் பார்த்தபோதே வெரிகோசீல் தெரிந்துவிட்டது, அதாவது விதைப்பையில் ரத்தக் குழாய்கள் புடைத்திருப்பது. அறுவை சிகிச்சை முடிந்தது. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் வரை ஆகுமாம், அதனால் பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். சிகரெட்டையும் விட்டுவிட்டார். ஜிம்முக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடும்.

எனக்கு பிசிஓஎஸ்தான், அதாவது ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை. சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்ததில் கருக்குழாய்களில் அடைப்பில்லை. மாதவிடாய் தொடங்கியதும் முட்டை வளர உதவும் லெட்ரோசோல் மாத்திரை ஐந்து நாள், அப்புறம் முட்டை இருக்கும் நீர்ப்பை வளர்கிறதா என்று ஸ்கேன். இந்த முறை 19 மில்லிமீட்டர் வரை வளர்ந்திருந்தது. திரையில் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"நேராக ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் சிகிச்சை) போகலாமே" என்று கேட்டவர்களுக்கு: இரண்டு குழாயும் அடைத்திருந்தாலோ, விந்தணு மிகமிகக் குறைவாக இருந்தாலோ அது தேவைப்படும். எங்கள் நிலை அதுவல்ல. 35 வயதைத் தாண்டிய பெண்கள் மட்டும், ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், டாக்டரைப் பார்க்க அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். தம்பதியாகவே போய்ப் பாருங்கள். அவருடைய அடுத்த அறிக்கை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.